ஒரு பழைய டில்லரும் எழுபது சென்ட் கண்டமும்

ஆய்வு மாணவிக்கு எதற்கு உழவு இயந்திரம் என்று சென்ற பதிவின் கீழும் உட்பெட்டியிலும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒற்றை வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. நேரம் உள்ளவர்கள் வாசிக்கலாம்; பதிவு நீளமானது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கிறது சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி, வடகரப்பதி என்று நீளும் அதன் ஊராட்சிகளில் பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும். அதன் அடியில் நின்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் கொங்குத் தமிழ் பேசுவார்கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இங்கிருந்துதான் வண்டி ஏறுகிறது என்பதால் தென்னைக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். நெல்லும் உண்டு. இரு மொழிகள் உரசிக்கொண்டு வாழும் இந்தப் பகுதியின் வேளாண் சொற்களே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். கள ஆய்வுக்காகக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓராண்டாக வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு வயது எழுபத்து நான்கு. ஊரே அவரை ஆத்தா என்று அழைக்கிறது, நானும் அப்படியே. என் ஒலிப்பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கு ஆத்தாவின் குரல்தான்.

ஆத்தாவுக்கு எழுபது சென்ட் வயல் உண்டு. இங்கே அதைக் கண்டம் என்கிறார்கள். நாற்புறமும் பிறருடைய கண்டங்கள், நடுவில் இவருடையது. வண்டிப்பாதை கிடையாது. வாய்க்காலை ஒட்டிய வரம்பு மூன்றடி அகலம்; அதுதான் வழி. மாடு கட்டி உழுதவரை இது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. மாடுகள் போன பிறகு டிராக்டர் வந்தது. டிராக்டருக்கு மூன்றடி போதாது. அண்டைக் கண்டங்கள் வெறுமையாக இருக்கும் நாட்களில் அவற்றின் வழியே இறக்கிவிடலாம். ஆனால் தண்ணீர் திறந்துவிடும் அந்தப் பத்து நாட்களில் வாடகை வண்டிகள் யாவும் பெரிய பாடங்களுக்கு ஓடும். எழுபது சென்ட்டுக்கு முறை வருவதற்குள் சுற்றிலும் நடவு முடிந்திருக்கும். நட்ட வயலின் மீது யார் வண்டி விடச் சம்மதிப்பார்கள்? இப்படியே நான்கு போகம் தரிசாகப் போயிற்று.

கேரளத்தில் நெல்வயலை நினைத்தவாறு மனையாக்கிவிட முடியாது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் நிலத்தின் தன்மையைத்தான் காக்கும், உழுவதற்கு ஆளை அனுப்பாது. தரிசாகக் கிடக்கும் வயலுக்கு விலையும் குறைவு, அதை வாங்கிப் போட்டுக் காத்திருக்கும் பொறுமை உடையவர்களும் உண்டு. திருப்பூரில் இருக்கும் ஆத்தாவின் மூத்த மகன் அப்படி ஒருவரை அழைத்து வந்திருந்தார். பேச்சு திண்ணையில் நடந்தது. நான் உள்ளே இருந்தேன். அவர்கள் போனபின் ஆத்தா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்த முண்டகனும் நடலீன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்னு சொல்லீட்டேங்கண்ணு."

முண்டகன் என்பது இரண்டாம் போகம். புரட்டாசி, ஐப்பசியில் நட்டுத் தையில் அறுப்பது. இந்தப் பேச்சு நடந்தது வைகாசிக் கடைசியில். ஆக, நான்கு மாத அவகாசம்.

ஆறு கல் தொலைவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கொட்டகையில் பழைய டில்லர் ஒன்று கிடப்பதாக ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். டில்லர் என்பது நடந்தபடி ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம். அரசு விளம்பரங்களில் விசை உழுவை என்று போடுவார்கள். நல்ல சொல்தான், ஆனால் வயலில் அதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆலுவாவை அடுத்த அத்தாணியில் 1973இல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிறுவனமான காம்கோ, ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தைக் கொண்டு இவற்றைச் செய்யத் தொடங்கியது. சிறு கண்டங்களும் ஆழ்ந்த சேறும் உள்ள ஜப்பானிய வயலுக்கென்று வடிவமைத்த பொறி கேரளத்து வயலுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. ஒற்றை சிலிண்டர், படுக்கைவாட்டத்தில் அமைந்த டீசல் எஞ்சின், பன்னிரண்டு குதிரைத்திறன். கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும்.

கொட்டகையில் அதன்மேல் வறட்டி அடுக்கியிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளாக ஓடவில்லை. ஃப்ளைவீலைத் திருப்பிப் பார்த்தேன்; அசையவில்லை. பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு 30 ரூபாய் சொல்லியிருக்கிறார், எடை நானூறுக்கு மேல் வரும், நீயே கணக்குப் போட்டுக்கொள் என்றார் ஆசிரியர். 17,500 ரூபாய்க்கு முடிந்தது. ஒரு வெள்ளைத்தாளில் விற்பனைச் சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்; அதிலும் இரண்டு எழுத்துப்பிழைகளை அவரே சிவப்பு மையால் திருத்தினார். குட்டியானை வண்டிக்கு 1,200 ரூபாய்.

ஏன் ஆத்தாவை வாங்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவரிடம் பணம் இல்லை. மகனிடம் கேட்டால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததே. எனக்கும் இதில் தன்னலம் உண்டு. உழவுச் சொற்களைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் திண்ணைப் பதில்தான் கிடைக்கும். "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டால் அகராதியில் இருப்பதைச் சொல்வார்கள். சேற்றில் கால் புதைந்து, கை நடுங்கி, யாரோ ஒருவர் பதறிக் கத்தும்போது வரும் சொல்லை வேறு வழியில் பெற முடியாது. தரிசு நிலத்தில் எனக்குச் சொல் விளையாது. நெறியாளரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆகஸ்டுக்குள் மூன்றாம் இயல் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பழுது பார்க்க ஒருவர் கிடைத்தார். சித்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மலையாளி, அறுபதைக் கடந்தவர், எல்லாரும் அவரை ஆசானே என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் ஆசான் என்பது மேடையிலும் நூலின் அர்ப்பணிப்புப் பக்கத்திலும் மட்டுமே வாழும் சொல்லாகிவிட்டது. இங்கே அது கிரீஸ் படிந்த கையோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறது. எந்த மொழி அந்தச் சொல்லை நன்றாக வைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் விடை சொல்வேன்.

ஆசான் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஏர் கிளீனருக்குள் எலி கட்டிய கூட்டை வெளியே இழுத்துப் போட்டார். "ஓடும் மோளே. பக்ஷே சமயம் எடுக்கும்" என்றார்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியதும் நிலைமை தெரிந்தது. பிஸ்டன் லைனரோடு துருப்பிடித்துச் சேர்ந்திருந்தது. படுக்கைவாட்டு எஞ்சினில் எண்ணெய் ஊற்றினால் கீழ்ப்பக்கத்தில்தான் தேங்கும். மேற்பக்கத்துத் துரு அப்படியே இருக்கும். ஆகவே எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, லைனரின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து நிரப்பினார். நாள்தோறும் மாலையில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறைந்தால் எங்கோ வழி கண்டுவிட்டது என்று பொருள். ஆறாம் நாள் விரல்கடை அளவு குறைந்தது. ஒன்பதாம் நாள் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டியபடி, மறுபுறம் ஃப்ளைவீலில் நீண்ட குழாயைக் கொடுத்து அசைத்தோம். முதலில் ஓர் ஓசைதான் கேட்டது. பிறகு ஒரு நூல் நகர்ந்தது. அன்று முழுவதும் அந்த ஒரு நூல்தான்.

லைனரில் ஆழமாகக் கோடு விழுந்திருந்ததால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் புதிதாக வேண்டியிருந்தன. கோயம்புத்தூரில் 6,800 ரூபாய். நாசிலைப் பொள்ளாச்சியில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். சோதனைக் கருவியில் பொருத்தி அழுத்தியபோது டீசல் புகைபோல் விரியாமல் தாரையாக ஒழுகிற்று. கடைக்காரர் அதைச் சுத்தம் செய்து, மறுபடி அழுத்தி, விரல் சொடுக்கியதுபோல் ஒலி வரும்வரை விடவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் இந்தத் தூறல் பட்டுத்தான் எரிய வேண்டும். தாரையாக விழுந்தால் எரியாது. இதை அவர் எனக்கு விளக்கிய விதம் நான் கேட்ட பல வகுப்புகளைவிடத் தெளிவாக இருந்தது.

கியர்பெட்டியைத் திறந்தபோது எண்ணெய் மோர் நிறத்தில் வந்தது. ஆயில் சீல்கள் இறுகி வெடித்து, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சேற்றில் இறங்கும் வண்டிக்கு இதுதான் உயிர்நிலை. சீல்களும் இரண்டு பேரிங்குகளும் மாற்றினோம். எஞ்சினின் விசையைக் கிளட்சுக்குக் கடத்தும் வி பெல்ட் மூன்று. ஒன்றுதான் அறுந்திருந்தது என்றாலும் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீண்டு தளர்ந்த பழையவை சும்மா சுழல, புதியது தனியே பாரம் சுமந்து அறுந்துபோகும். தண்ணீர்த் தொட்டிக்குள் சுண்ணாம்புபோல் படிந்திருந்த உப்பைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பெயின்ட் அடிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அடுத்த ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மண்ணைக் கொத்தும் கத்திகளில் இடக்கத்தி, வலக்கத்தி என்று இருவகை உண்டு, வளைவு மாறும். வரிசை தவறி மாட்டினால் மண்ணை ஒரே பக்கம் அள்ளிக் குவிக்கும். பட்டறைப் பையன் அவற்றைத் தரையில் இரு கூறாகப் பிரித்து அடுக்கியபோது ஆசான், "எடம், வலம்" என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். இடம், வலம் என்பவற்றை உழவு மாடுகளுக்கும் சொல்வார்கள். நுகத்தில் இடப்பக்கம் பழகிய மாடு வலப்பக்கம் போகாது. பையனுக்கு மாட்டுக்கதை தெரியாது. சொல் மட்டும் அவன் கைக்கு வந்திருக்கிறது.

இங்கேதான் என் மூன்றாம் இயலின் மையம் இருக்கிறது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். தமிழில் ஏர் ஓட்டினோம், உழவு ஓட்டினோம் என்போம். மலையாளத்தில் பூட்டினோம் என்பார்கள். மாட்டை நுகத்தில் பூட்டுவதுதான் அந்த வினை. அந்த முதல் செயலின் பெயரே முழு உழவுக்கும் பெயராயிற்று. மாடு போன பின்னும் வினை போகவில்லை. டிராக்டர் கொண்டு பூட்டுகிறார்கள், டில்லர் வைத்துப் பூட்டுகிறார்கள். சித்தூர்ப் பகுதித் தமிழர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். என் பதிவுகளில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது: யார் ஓட்டினார் என்பது முக்கியமாக இருக்கும்போது ஓட்டு, எந்த நிலம், எத்தனை முறை என்பது முக்கியமாக இருக்கும்போது பூட்டு. இதை நிறுவ இன்னும் தரவு வேண்டும். அதேபோல் சால். கலப்பை கீறும் பள்ளம்தான் சால். இரண்டு சால், மூன்று சால் என்று உழவை எண்ணுவது இரு மொழிக்கும் பொது. சுழலும் கத்திகள் சால் விடுவதே இல்லை, மண்ணைத் துகளாக்கிப் பரப்பிவிட்டுப் போகின்றன. ஆயினும் ஆத்தா கணக்குச் சொல்வது சாலில்தான்.

எஞ்சின் கிளம்பியது ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில். டீசல் குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் எழாது. பம்பின் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை விட்டு, இறுக்கினார் ஆசான். பிறகு கிராங்கை என் கையில் கொடுத்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடி என்றார். எஞ்சின் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டைவிரல் முறிந்துபோகும். அழுத்தத்தை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தபடி சுழற்ற வேண்டும். வேகம் வந்ததும் அதை விட வேண்டும். எனக்கு வேகம் வரவில்லை. நான்காம் முறை தோள் இறங்கிவிட்டது. ஆசானின் பையன் சுழற்றினான். வெள்ளைப்புகை, கரும்புகை, பிறகு அந்தத் தட்டுத் தட்டு ஓசை. இரண்டு வாரம் பயின்ற பின்னரே என் கைக்கு அது கிளம்பியது.

ஓட்டப் பழகியதும் ஆசானிடம்தான். கைப்பிடிகளின் கீழ் இரண்டு நெம்புகோல்கள். இடது பக்கத்தை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு விசை நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதளத்தில் அப்படித்தான். இறக்கத்தில் நேர்மாறு: அங்கே எஞ்சின் சக்கரங்களைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தை விடுவித்தால் அந்தச் சக்கரம் தன் போக்கில் விரைந்து உருளும். வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். வரம்பிலிருந்து கண்டத்துக்குள் இறங்கும் அந்த நான்கடிச் சரிவில் ஆட்களின் கால் போவது இதனால்தான். இறக்கத்தில் நெம்புகோலைத் தொடாதே, கைப்பிடியைத் தோளால் தள்ளித் திருப்பு என்று ஆசான் மூன்று நாள் இதை மட்டுமே பயிற்றுவித்தார்.

இப்பகுதியின் இரண்டாம் போகம் பெரும்பாலும் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குத் தர வேண்டும் என்பது அதன் கூறு. மூலத்தறையிலிருந்து கால்வாய்களில் பிரியும் அந்தத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பதே இங்கே ஒரு மாத காலத்துக்குத் தேநீர்க்கடைப் பேச்சு. வந்த அன்று காலை ஆறு மணிக்கு வரம்பில் டில்லரை நடத்திக்கொண்டு போனேன். ரப்பர்ச் சக்கரங்களோடு மூன்றடி வரம்பில் பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது. சேற்றுக்கான இரும்புச் சக்கரங்கள் அகலமானவை. அவற்றை ஆசானின் பையனும் பக்கத்துக் கண்டத்துக்காரரும் தோளில் சுமந்து வந்தார்கள். கண்டத்தின் ஓரத்தில் வைத்துச் சக்கரம் மாற்றினோம்.

நான்கு போகம் கிடந்த நிலம். கோரை இடுப்பளவு. முதல் சுற்றில் கத்திகளில் கோரை சுற்றிக்கொண்டு பத்தடிக்கு ஒரு முறை நின்றது. எஞ்சினை அணைத்து, அரிவாளால் அறுத்து எடுத்து, மறுபடி கிளப்ப வேண்டும். அன்று பதினேழு முறை கிராங்க் சுழற்றினோம் என்று பையன் எண்ணி வைத்திருந்தான். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு கைப்பிடி வழியே எலும்புக்குள் இறங்குகிறது; இரவு சோற்றை உருட்ட விரல்கள் கூடவில்லை. ஆத்தா வரம்பில் குடையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி முன்பக்கம் தூக்கியபோது அவர் கத்தினார்: "மேழியத் தூக்கிப் புடி கண்ணு, மேழியத் தூக்கு!" நான் தூக்கினேன், வண்டி தரையில் அமர்ந்தது. ஜப்பானில் வடிவமைத்த இரும்புக் கைப்பிடிக்கு மேழி என்ற பெயர் அந்தக் கணத்தில்தான் வந்ததா, அவர் மனத்தில் முன்பே இருந்ததா, தெரியாது. இடுப்பில் கட்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் அது தெளிவாகக் கேட்கிறது. அன்று மட்டும் இருபத்து மூன்று சொற்கள். அவற்றில் ஒன்பது நான் முன்பு திண்ணையில் கேட்டு, அவர் தெரியாது என்று சொன்னவை.

மூன்று நாளில் முதல் உழவு. ஒரு வாரம் கோரை அழுக விட்டு, மறு உழவு. "ரெண்டு சால் போதுங்கண்ணு, பரம்படிச்சுப் போடலாம்." உமா நெல் நாற்று. நட வந்தவர்கள் வங்காளத்திலிருந்து வந்த பத்துப் பேர். இப்போது பாலக்காட்டின் நடவில் பெரும்பங்கு அவர்களுடையது. நாற்றுமுடி கேட்டு அவர்கள் "சாரா, சாரா" என்று குரல் கொடுக்க, இரண்டாம் நாள் பிற்பகலில் ஆத்தாவும் "சாரா கொண்டா" என்று பையனை விரட்டிக்கொண்டிருந்தார். என் ஆய்வு எல்லை இரு மொழிதான். அந்தக் குறிப்பைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

செலவு மொத்தம் 44,400 ரூபாய். ஒரு மாத உதவித்தொகையைவிடச் சற்றுக் கூடுதல். புதிய டில்லர் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். இவ்வளவு பணத்துக்கும் உழைப்புக்கும் இது தகுமா என்று கேட்ட நண்பருக்கு என்னிடம் நேரான விடை இல்லை. எழுபது சென்ட் நெல் இந்தப் பணத்தை ஒரு போகத்தில் திருப்பித் தராது. ஆத்தாவின் மகன் நடவுக்குப் பிறகு ஒரு முறை வந்தார். வரம்பில் நின்று நெடுநேரம் பார்த்தார். நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை மணிக்கு என்ன வாடகைக்கு விடலாம் என்று மட்டும் கேட்டார். விற்பனைப் பேச்சு கைவிடப்படவில்லை, தைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே. பக்கத்துக் கண்டத்துக்காரர் அடுத்த விரிப்புக்குத் தம் அரை ஏக்கரையும் சேர்த்து உழுது தரச் சொல்லி, 500 ரூபாய் முன்பணம் தந்திருக்கிறார். ஆத்தா அதை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார், என்னிடம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள். பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருக்கிறது. வடமேற்கு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்காமல் வெளிறிக் கிடக்கிறது, அங்கே நண்டு வளை இருக்கும் என்கிறார் ஆத்தா. மூன்றாம் இயல் செப்டம்பர் பத்தாம் தேதி போயிற்று. டில்லர் இப்போது வீட்டுப் பின்கட்டில், என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. இடப்பக்க நெம்புகோலின் கம்பி பிரிந்துகொண்டிருக்கிறது. புதிய கம்பிக்கு வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி போகிறேன். பழைய கத்தி செட்டை அடித்துத் தீட்டித் தரும் கொல்லுப்பட்டறை அந்தப் பக்கம் எங்காவது இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.